மூணு கோட்டு அடிச்ச ரூம்

செருப்பு அங்கனயே கெடக்கட்டும் தம்பி, உள்ள வாங்க. கீழ பாத்து வாங்க. காலையிலதான் கூட்டுனேன், அதுக்குள்ள எப்படி உதுந்து கெடக்கு பாருங்க. கால்ல ஒட்டும். கோலப்பொடி இல்ல அது, உங்க கம்பெனி பெயின்ட்டு.

நீங்கதான நேத்து போன் பண்ணது? கொஞ்சம் வயசான ஆளா அனுப்புவாகன்னு நெனச்சேன். பரவால்ல, உக்காருங்க. அந்தச் சேரு வேணாம், சுவத்தோரமாக் கெடக்கு, சட்டையில அப்பிக்கிரும். நடுவால இழுத்துப் போட்டு உக்காருங்க. இந்த வீட்ல இப்ப எல்லாமே நடுவாலதான். கட்டிலு நடுவால, பீரோ நடுவால, நானும் நடுவாலதான் படுக்குறேன்.

மொதல்லயே சொல்லிப்புடுறேன். தப்பு எம்மேல இல்ல. உங்க பெயின்ட்டுலதான் தப்பு. எனக்கு ஒத்தப் பைசா வேணாம், புது டப்பாவும் வேணாம். 'எங்க பெயின்ட்டு சரியில்ல, அதான் உரிஞ்சு போச்சு'ன்னு ஒரு தாள்ல எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அது போதும். எதுக்குன்னு கேக்காதீங்க.

கேக்கத்தான் செய்வீங்களா? சரி. டீ கொதிக்கிற வரைக்கும் சொல்றேன்.

எம்பேரு சீனியம்மா. முப்பத்திரெண்டு வருசம் பள்ளிக்கூடத்து சத்துணவுல ஆக்கிப் போட்டவ. இந்த அருப்புக்கோட்டையில பாதிப் பேரு என் கையால சாம்பாரு ஊத்திச் சாப்பிட்டவுகதான். எங்க வீட்டுக்காரரு போயி பன்னெண்டு வருசமாச்சு. ஒரே ஒரு பொம்பளப் புள்ள, மாரீஸ்வரி. வேலையில இருந்து நின்ன பெறகுதான் இந்த வீட்டக் கட்டுனேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனதுல இருந்து நானே நின்னு கட்டுனது தம்பி. ஒவ்வொரு செங்கலயும் தட்டிப் பாத்துத்தான் எடுத்துக் குடுப்பேன். கொத்தனாரு அழகர்சாமி, 'அக்கா, நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கரண்டி பிடிக்கக் கை வர மாட்டேங்குது, கொஞ்சம் அங்கிட்டுப் போங்க'ம்பாரு. நான் போவேனா? போக மாட்டேன். சொந்த வீட்ட வேற யாரு பாப்பா?

பூச்சு வேலை சித்திரைக் கடைசியில முடிஞ்சுச்சு. அன்னையில இருந்து இருவத்தோரு நாளு, காலையில ஒருவாட்டி சாயந்தரம் ஒருவாட்டி, எல்லாச் சுவத்துக்கும் தண்ணி அடிச்சேன். எங்க தெருவுல குழாயில தண்ணி வாரதே வாரத்துக்கு ஒரு நாளு. லாரித் தண்ணி வாங்கி அடிச்சேன் தம்பி. நான் குளிக்காம இருந்தாலும் இருந்தேன், சுவத்தக் குளிப்பாட்டாம இருந்ததில்ல. எங்கயாச்சும் ஒரு வெடிப்பு இருந்தாக் காட்டுங்க பாப்போம். முடி போறாப்ல ஒரு கோடு? காட்ட முடியாது. கொத்தனாரு வேலையில குத்தம் இல்ல, எம்வேலையிலயும் குத்தம் இல்ல. அப்ப மிச்சம் யாரு? நீங்களே சொல்லுங்க.

வைகாசி இருவத்தெட்டு முகூர்த்தம். அத விட்டா ஆனியில பால் காய்ச்ச மாட்டாக, ஆடியிலயும் மாட்டாக, ஆவணிதான். பத்திரிகை அடிச்சாச்சு. அதனால தண்ணி நிப்பாட்டுன நாலாம் நாளே, பெயின்ட்டுக்கு முன்னாடி பூசுற பட்டி பாக்க ஆரம்பிச்சாச்சு.

என்ன தம்பி, பேனாவ நிப்பாட்டிட்டீக? நாலு நாளுதான். அதுல என்ன? அது என்ன மாதிரி வெயிலு தெரியுமா? கத்திரி முடிஞ்சும் கொறையாத வெயிலு. கொடியில சேலையப் போட்டுட்டு இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள மொடமொடன்னு காஞ்சிருது. வத்தல் ஒரே நாள்ல காயுது. சுவரு காயாதா? கையி வச்சுப் பாத்தேன். சுட்டுச்சு.

பெயின்டர வைக்கலையான்னு கேக்குறீக. கேப்பீகன்னு தெரியும். மூணு பேரக் கூப்பிட்டேன். மூணு பேரும் வந்தான், சுவத்துல உள்ளங்கைய வச்சான், 'ஈரம் கெடக்குக்கா, ஆவணிக்கு வாரோம்'னு போயிட்டான். ஒரே பாட்டு. மூணு பேரும் ஒரே மாதிரிப் பாடுனா, சொல்லிக் குடுத்த வாத்தியாரு யாருன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் அவன் கூட்டாளிக.

அவன்னா, காளிராஜ். எம்மகளக் கட்டுனவன். மருமகன்னு நான் சொல்ல மாட்டேன். பெயின்டருதான். அவுக என்ன ஆளுக, நாங்க என்ன ஆளுகங்கிறதெல்லாம் இப்ப எதுக்கு, நீங்க வெளியூருப் புள்ள, விடுங்க.

வயித்தெரிச்சலு என்னன்னா, அவனுக்கு மொதச் சோறு போட்டதே நாந்தான். எங்க பள்ளிக்கூடத்துச் சமையக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தான். மத்தியானம் வெறும் பன்னத் தின்னுக்கிட்டு ஏணிக்கடியில உக்காந்திருந்தான். பாவமா இருந்துச்சு. தட்டு நெறையச் சோறு போட்டு முட்டையும் வச்சேன். 'இன்னும் கொஞ்சம் போடட்டுமாப்பா'ன்னு கேட்டுக் கேட்டுப் போட்டேன். மாரி அப்ப காலேஜ் முடிச்சிட்டு சும்மா இருந்தா, எனக்கு ஒத்தாசைக்கு வருவா. பத்து நாளு வேலை. பத்து நாள்ல சுவத்த மட்டும் அவன் பாக்கல, எனக்குத்தான் தெரியல. அந்தச் சமையக்கூடத்துச் சுவரு அஞ்சு வருசமாச்சு, அவ்வளவு புகையிலயும் இன்னைக்கு வரைக்கும் ஒரு செதிலு பேரல. அது கவருமெண்டு பெயின்ட்டு, நல்ல சரக்கா வாங்கியிருப்பாக.

கோயில்ல தாலி கட்டிட்டு ரெண்டு பேரும் நேரா பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து நின்னாக. அன்னைக்கு டீச்சருக, ஆயாமாரு, அம்புட்டுப் பேரும் கேக்கச் சொன்னேன்: 'எம்மக வரலாம் போகலாம். ஆனா இவன எம்வாயால என் வீட்டுக்கு வான்னு கூப்பிட மாட்டேன். என் கட்டை வேகுற வரைக்கும் கூப்பிட மாட்டேன்.' நாலு வருசமாச்சு. கூப்பிடல. சொன்ன சொல்லுன்னா சொன்ன சொல்லுதான் சீனியம்மாவுக்கு.

அவனும் வந்ததில்ல. மாரிய வண்டியில கொண்டாந்து விடுவான், எதுத்த வீட்டு வேப்பமரத்தடியில நிப்பான், கூட்டிட்டுப் போவான். உள்ள எட்டிப் பாக்க மாட்டான். என்ன அழுத்தம் பாத்தீகளா?

அந்த வைகாசியில ஒரு நாளு அப்படித்தான் கொண்டாந்து விட்டான். மாரி கையில ஒரு சீனி கவரு. வெட்டி விரிச்சது. கூட டேப்பு. 'என்னடி இது'ன்னேன். 'அவரு குடுத்துவிட்டாரும்மா. இதச் சுவத்துல வச்சு நாலு பக்கமும் காத்துப் போகாம ஒட்டணுமாம். மறுநா காலையில பாத்தா, உள்பக்கம் தண்ணி கோத்திருந்தா சுவத்துல ஈரம் இருக்குன்னு அர்த்தமாம். இல்லாட்டி அடிக்கலாமாம்'னா. 'முகூர்த்தத்த மாத்த முடியாட்டி, இப்போதைக்கு வெறும் சுண்ணாம்ப அடிச்சுப் பால் காய்ச்சிருங்க, சுண்ணாம்பு ஈரத்த வெளிய விட்டுரும், தை மாசம் நானே வந்து பெயின்ட் அடிச்சுத் தாரேன்'னும் சொல்லிவிட்டிருக்கான்.

சுண்ணாம்பு! தம்பி, நான் என்ன மாட்டுக் கொட்டத்துக்கா பால் காய்ச்சுறேன்? வாடகை வீட்லயே வயசு போயி, தலை நரைச்சு, சொந்தமா ஒரு வீட்டக் கட்டி, அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சு ஊரக் கூட்டி உக்கார வைக்கவா? அதுவும் அவன் சொல்லி? 'தை மாசம் நானே வந்து'ன்னா என்ன அர்த்தம்? பெயின்ட்டச் சாக்கு வச்சு உள்ள வாரதுக்கு வழி பாக்குறான். எனக்கா தெரியாது?

மாரி அந்தப் பின்னாடி ரூமுல கவர ஒட்டிட்டுப் போனா. மறுநா காலையில பாத்தேன். ஒண்ணுமில்ல. காஞ்சு கெடந்துச்சு. பிச்சுத் தூரப் போட்டுட்டேன்.

அதுக்கப்புறம் எவன எதுக்குக் கெஞ்சணும்? எந்தம்பி தவசி இருக்கான், கூரியரு ஆபீசுல வேலை. அவன லீவு போடச் சொல்லி, நானும் அவனும் எறங்கிட்டோம். முன்னூறு புள்ளைக்கு அண்டாவுல சோறு கிண்டுன கை இது. இந்தக் கைக்கு ரோலரு ஒரு கனமா? பட்டி ரெண்டு தரம் பாத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம், முகமெல்லாம் மாவு. தவசி தும்முறான், நான் தும்முறேன். பெறகு பிரைமரு, பெறகு பெயின்ட்டு. ஹாலுக்குச் சந்தனம், அடுப்படிக்கு இளம் பச்சை, பின்னாடி ரூமுக்கு ரோஸு. டப்பாவுல ரெண்டு கோட்டுன்னு போட்டிருந்துச்சு. பின்னாடி ரூமுக்கு மட்டும் மூணு அடிச்சேன்.

ஏன் மூணா? அது மாரி ரூமு. அவ பேறுகாலத்துக்கு வந்து படுக்கிறதுக்குன்னு கட்டுனது. அப்ப அவளுக்கு ஆறாம் மாசம். அங்க சன்னலோரமா மேல, தொட்டிலுக்குக் கொக்கி கூடப் போட்டு வச்சிருக்கேன், அப்புறம் காட்டுறேன். அதனால மூணு.

அதையும் எழுதுறீகளா? எழுதுங்க எழுதுங்க. நல்லா கெட்டியா அடிச்சேன்னு எழுதுங்க.

பால் காய்ச்சுன அன்னைக்குப் பாத்திருக்கணும் நீங்க இந்த வீட்ட. சும்மா கண்ணாடி மாதிரி. வந்தவுக எல்லாரும் சுவத்தத்தான் தடவுறாக. சாப்பாட்டுக்கு முன்னாடி வீடு கட்டுனவுகளுக்கு மரியாதை செய்யிறது எங்க பக்கத்துப் பழக்கம். தாம்பாளத்துல வேட்டி துண்டு, வெத்தலை பாக்கு, பழம். தவசிதான் பேரு சொல்லிக் கூப்பிட்டான். கொத்தனாரு வந்தாரு, வாங்குனாரு. ஆசாரி வந்தாரு, வாங்குனாரு. எலக்ட்ரீசனும் வாங்கியாச்சு. தட்டு இன்னொண்ணு இருக்கு. வழக்கத்துல நாலு தட்டு வச்சுட்டாக. தவசி வாய் தவறி, 'பெயின்டரு வாங்க'ன்னுட்டான்.

எல்லார் கண்ணும் வாசலுக்குப் போகுது. வாசலுக்கு எதுக்க வேப்பமரத்தடியில அவன் வண்டிமேல சாஞ்சு நிக்கிறான். வெள்ளைச் சட்டை போட்டு, புது வேட்டி கட்டி நிக்கிறான். மாரி என் மூஞ்சியப் பாக்குறா. வயித்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே பாக்குறா. ஒரு வார்த்தை, 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோயிரும்.

சொன்னேனா? 'பெயின்டரு நாந்தான்டா, குடு'ன்னு தவசி கையில இருந்து தட்ட வாங்கிக்கிட்டேன். சபை சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். மாரி சிரிக்கல. சாப்பிடாமக் கூடக் கெளம்பிட்டா. அவனும் ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. விசேச வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் சாப்பிடாமப் போறான்னா, அவனுக்கு எம்புட்டுத் திமிரு இருக்கணும்? நீங்களே சொல்லுங்க.

ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனிக் கடைசியில பின்னாடி ரூமுல மொதல்ல ஒண்ணு ரெண்டு கொப்புளம். முத்துப் போட்டாப்ல. கைய வச்சு அமுக்குனா உள்ள மெத்து மெத்துன்னு இருந்துச்சு. ஒண்ண நகத்தால கிள்ளுனேன், கோத்திருந்த தண்ணி ஒழுகுது. ஆடி பொறந்ததும் ஹாலு. செதில் செதிலாப் பேந்து, அடியில வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து, ராவும் பகலும் உதிருது. சோத்துத் தட்டுல விழுகுது. ஊறுன துணி நாத்தம் வேற. தெருவுல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாக. போற வழியில அவனுக்கும் சொல்லத்தான செய்வாக?

இப்பப் புரியுதா, நான் எதுக்குத் தாளு கேக்குறேன்னு? பெயின்ட்டு கெட்டதுன்னு கம்பெனியே எழுதிக் குடுத்தா, அத இந்த வாசல் நெலையில சொருகி வைப்பேன். வாரவன் போறவன் படிக்கட்டும். இல்லைன்னா அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிப்போகும். இதுல அவன் சரின்னா, எதுல எதுல எல்லாம் சரின்னு ஆரம்பிச்சிருவாக தெரியுமா?

மாரிக்கு இப்ப ஒன்பதாம் மாசம். பேறுகாலத்துக்குக் கூட்டிட்டு வாடான்னு தவசிய அனுப்புனேன். 'அம்மா அவரையும் வாயத் தெறந்து ஒரு வார்த்தை வான்னு சொல்லட்டும், அன்னைக்கு வாரேன். இல்ல, அவரே பாத்துக்கிருவாரு'ன்னு சொல்லி அனுப்பிட்டா. அவன் பாத்துக்கிருவானாம்! அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கு ஆத்தாளும் இல்ல. பச்ச ஒடம்புக்காரிக்கு என்ன ஆக்கணும், எத்தனை நாளு தலைக்கு ஊத்தக் கூடாது, புள்ளைய எப்படிக் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்னு ஏணியில ஏறி நின்னாத் தெரிஞ்சிருமா? ஊருப் புள்ள முன்னூறுக்கு ஆக்கிப் போட்டேன். எம்புள்ள பெத்துக் கெடக்கையில எவளோ ஆக்கிப் போடுறதா?

டீய எடுத்துக்கங்க. சீனி பத்தாட்டிச் சொல்லுங்க.

அது என்ன மிசினு? சுவத்துல வைக்கணுமா? வைங்க, எனக்கென்ன பயம். ஹால்ல வேணாம், பின்னாடி ரூமுக்கு வாங்க, அங்கதான் ரொம்ப மோசம். இந்தா, இங்க வைங்க.

ஏன் கத்துது?

இன்னுமா ஈரம் இருக்கு? பூசி மூணு மாசத்துக்கு மேல ஆச்சே தம்பி. இந்தப் பக்கம் வைங்க. இங்கயும் கத்துது. மூணு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி இந்தச் சுவத்துல படல, சத்தியமா.

உள்ள இருந்த ஈரம் வெளிய வர வழியில்லாமப் போச்சா. மேல மூணு கோட்டு போட்டு மூடிட்டதால. ரெண்டோட விட்ருந்தாக்கூட இம்புட்டு மோசமாயிருக்காதா. ம்.

அவனும் இதத்தான் சொன்னான். 'சுவத்துக்கு மூச்சு விட எடம் குடுக்கச் சொல்லு'ன்னு மாரிகிட்டச் சொல்லிவிட்டான்.

அடிக்கிறதுக்கு முன்னாடி ஈரம் இருக்கான்னு பாத்தீகளான்னு உங்க தாள்ல கேட்டிருக்கோ? 'ஆமா, இல்ல'ன்னு ரெண்டு கட்டமா?

பாத்தேன். அந்தச் சீனி கவரு. காஞ்சு கெடந்துச்சுன்னு சொன்னேன்ல. அது பொய்யி. காலையில ஆறு மணிக்கு வந்து பாத்தேன் தம்பி, உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி. இட்லிச் சட்டி மூடியத் தெறந்தாப்ல. யாருமில்ல, நான் மட்டுந்தான். முந்தானைய எடுத்துத் தொடச்சேன். தொடச்சுப்புட்டு, தவசி வந்ததும் 'ஒண்ணுமில்லடா, ஆரம்பி'ன்னேன். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னும் தெரியல.

தெரிஞ்சேதான் அடிச்சேன். ஈரம்னு தெரியும். ஆனா ஈரம்னு ஒத்துக்கிட்டா அவன ஒத்துக்கணும்ல? அதுக்கு சுவரு நாசமாப் போகட்டும்னு தோணுச்சு. எம்புள்ள படுக்கிற ரூமுன்னு அப்ப நெனைக்கத் தோணல பாருங்க.

இப்ப என்ன செய்யணும்? எல்லாத்தையும் சிமிட்டிப் பூச்சு தெரியச் சுரண்டி எடுக்கணும். சன்னலு கதவெல்லாம் தெறந்து போடணும். தை வரைக்கும் ஆறப்போடணும். தையா. அப்ப இந்த ரூமுல புள்ளத்தாச்சியப் படுக்க வைக்கலாமா? புள்ளையப் படுக்க வைக்கலாமா?

கூடாதுன்னு தலைய ஆட்டுறீகளே தம்பி. வாயத் தெறந்து சொல்லலாம்ல.

சரி. அந்தத் தாளக் குடுங்க. பெயின்ட்டுல குத்தமில்லன்னு எழுதிக்கங்க. யாரு அடிச்சதுங்கிற எடத்துல எம்பேர எழுதுங்க. சீனியம்மா. ஈரம்னு தெரிஞ்சே அடிச்சதுன்னும் சேத்து எழுதுங்க. எனக்கென்ன, இங்கிலீசுல எழுதுனாலும் சரி, தமிழுல எழுதுனாலும் சரி. கையெழுத்துப் போடுறேன், கைநாட்டு இல்ல. பாவம்னு பாக்காதீங்க, எனக்கு அந்தப் பார்வையே பிடிக்காது.

அதுக்காக அவனக் கூப்பிட்டுருவேன்னு நெனைக்காதீக. மாட்டேன். பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு சொன்னது. என் வீட்டுக்கு எம்வாயால வான்னு கூப்பிட மாட்டேன். இன்னைக்கும் அதேதான்.

ஆனா அவன் வீட்டுக்கு நான் போக மாட்டேன்னு எங்கயாச்சும் சொல்லியிருக்கேனா? யாரையும் கேட்டுப் பாருங்க. அந்த வார்த்தை என் வாயில வந்ததே இல்ல.

உங்க வண்டி பந்தல்குடி ரோடு வழியாத்தான போகும்? ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எறக்கி விட்ருங்க, போதும். ரெண்டு நிமிசம் இருங்க. நாலு சேலை, சுக்கு, மிளகு, பழைய வேட்டித் துணி கொஞ்சம் எடுத்துக்கிறேன். புள்ளைக்குப் பழந்துணிதான் வேணும், புதுசு உறுத்தும். ரெண்டு மாசமோ மூணு மாசமோ, பேறுகாலம் முடிஞ்சு பாத்துக்கிறலாம். சன்னலெல்லாம் தெறந்தே கெடக்கட்டும். என்னத்தக் களவாண்டுட்டுப் போகப் போறான், சுரண்டுனாச் சுரண்டிட்டுப் போகட்டும்.

என்ன கேட்டீக? அவன் வாங்கன்னு கூப்பிடாட்டியா?

கூப்பிடாட்டிப் போறான். கூப்பிட்டாத்தான் உள்ள வருவேன்னு நாலு வருசம் தெருவுல நிக்கிறதுக்கு நான் என்ன அவனா? தள்ளுடான்னு சொல்லிட்டு, நேரா அடுப்படிக்குப் போயிருவேன். நீங்க வண்டிய எடுங்க.